பாடலுக்கு என்ன கூலி?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைப் பற்றி மார்ட்டின் ஸ்கார்செஸி 2005இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். ராக் இசைக் கலைஞராகவும் கவிஞராகவும் டிலன் உருவான கதையைச் சொல்லும் மூன்றரை மணி நேரப் படம் அது. 2016இல் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் தம்முடைய அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமையை ஓர் இசை நிறுவனத்துக்கு அவர் விற்றார். அதன் மதிப்பு 30 கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போது கணிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு பாடகரை முன்வைத்து நீண்டதோர் ஆவணப்படம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டுகள் உழைத்து 2011இல் முடித்த ‘ஜெய் பீம் காம்ரேட்’தான் அது. அண்மையில் திண்டுக்கல்லில் என் வீட்டில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தேன். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், ஒரு கேள்வி என்னை விடவில்லை: மக்கள் பாடகருக்கு யார் சோறு போடுவது?

1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபரில் உள்ள ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. அதைக் கண்டித்துத் திரண்ட மக்கள் மீது காவல் துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பத்துப் பேர் உயிரிழந்தனர். அந்தத் துயரம் தாங்காமல் சில நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர் விலாஸ் கோக்ரே. தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடும் கலைஞர்களை மராட்டியத்தில் ‘ஷாஹிர்’ என்பார்கள். அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக் ஆகியோர் வளர்த்த அந்த மரபில் வந்தவர் கோக்ரே. முலுண்டில் குடிசைவாசியாக வாழ்ந்தார். மும்பைக் குடிசைவாசிகளைப் பற்றி பட்வர்தன் 1985இல் வெளியிட்ட படத்தில் அவர் பாடியிருக்கிறார்.

படம் இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்கிறது. கோக்ரே, தாம் பாடிவந்த இடதுசாரிக் கலைக்குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். வயிற்றுப்பாட்டுக்காகப் பணம் பெற்றுக்கொண்டு வெளியில் பாடியது குற்றமாகிவிட்டது.

பொருளியலில் ‘பொதுப் பண்டம்’ என்றொரு கருத்தாக்கம் உண்டு. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாததும், பணம் கொடுக்காதவரைத் தடுக்க இயலாததுமான பொருள் அது. தெருவிளக்கு நல்ல உதாரணம். எல்லோரும் பயன் பெறுவார்கள்; எவரும் தாமாக விலை தர முன்வர மாட்டார்கள். எனவேதான் அதன் செலவை ஊராட்சியோ அரசோ ஏற்கிறது. தெருவில் பாடப்படும் போராட்டப் பாடலும் இப்படிப்பட்டதே. டிலனின் பாடல்களை இசைத்தட்டும் பதிப்புரிமைச் சட்டமும் விற்கக்கூடிய சொத்தாக மாற்றின. கோக்ரேயின் பாடல் காற்றிலேயே நின்றது. அதற்குச் சந்தையும் விலை தரவில்லை, இயக்கமும் தரவில்லை.

இதில் எனக்கும் பங்குண்டு. எண்பதுகளில் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கூட்டமொன்றில் பேசச் சென்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் பறையடித்து, கூலி உயர்வு குறித்துத் தாமே கட்டிய பாட்டைப் பாடினார். என் புள்ளிவிவரங்களைவிட அந்தப் பாட்டே கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியது. முடிந்ததும் எனக்குச் சால்வையும் வழிச்செலவும் கிடைத்தன. அவருக்குத் தேநீர் கிடைத்தது. கூலியைப் பற்றியே பேசப் போன நான், பாடியவருக்கு என்ன கூலி என்று கேட்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய உரிமைத்தொகையை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி அந்தத் திருத்தம் பாதுகாப்பளித்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், ஒப்பந்தமும் ஒலிப்பதிவும் இருக்கும் இடத்தில்தான் அதனால் பயன் விளையும். நிலக்கோட்டையிலோ வேடசந்தூரிலோ நாற்று நடும்போதும் இழவு வீட்டிலும் பாட்டுக் கட்டுகிற ஒரு பெண்ணை அது எட்டாது.

பட்வர்தனின் படத்திலிருந்து நான் கற்ற பாடம் இதுதான். 1985இல் கோக்ரேயின் குரலைப் பதிவுசெய்து வைத்திருந்ததால், அவர் மறைந்த பிறகும் அவரைக் கேட்க முடிகிறது. நம் வட்டாரக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் களஆய்வுத் திட்டம் செய்கிறார்கள். ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு பாடகரின் பாடல்களை, அவர் பெயரோடும் ஊரோடும் பதிவுசெய்யலாம். பதிவு நாளுக்குரிய ஊதியத்தைக் கல்லூரியே தரட்டும். மேடைக்கு அழைக்கும் அமைப்புகளும், பேச்சாளருக்குக் கொடுப்பதைப் பாடகருக்கும் கொடுக்கட்டும். தெருவிளக்குக்கு ஊர் கூடிச் செலவழிக்க முடியுமென்றால், பாடுகிறவருக்கும் முடியும்.

அந்தப் பறைக் கலைஞரின் பாட்டில் ஓர் அடிகூட இப்போது என் நினைவில் இல்லை. அதைப் பதிவுசெய்தவர் எவரும் இருப்பதாகவும் தெரியவில்லை.