புதியவருக்கு முதல் வீடியோ கேம்: தேர்வும் வரிசையும்

வீடியோ கேம் பழகாத ஒருவர் கண்ட்ரோலரைக் கையில் வாங்கினால் முதல் சில நிமிடங்கள் ஒரே மாதிரிதான் போகும். திரையில் இருக்கும் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். கேமரா வானத்தையோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவனோ மனைவியோ பல வருடம் விளையாடியவராக இருந்தால், இவ்வளவு எளிய விஷயம் ஏன் வரவில்லை என்று வியப்பார். உண்மையில் அது எளிய விஷயமல்ல. இன்றைய பெரும்பாலான முப்பரிமாண ஆட்டங்களில் இடது கட்டைவிரல் ஆளை நடத்த வேண்டும், வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்ப வேண்டும், மற்ற விரல்கள் குதிக்கவும் சுடவும் தயாராக இருக்க வேண்டும். கண்ணும் கையும் இதற்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

இந்தக் கைப்பழக்கம் படிப்படியாகத்தான் உருவானது. 1972-ல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பாங்’ ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு குமிழ் மட்டுமே இருந்தது. 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கண்ட்ரோலரில் திசைக்கு ஒரு சிலுவைக் கட்டையும் செயலுக்கு இரண்டு பட்டன்களும் இருந்தன. சோனியின் பிளேஸ்டேஷனுக்கு இரண்டு குச்சிகள் கொண்ட கண்ட்ரோலர் 1997-ல்தான் வந்தது. ஒரு குச்சியால் நடந்து மறு குச்சியால் பார்க்கும் முறையை 2000-ல் ‘ஏலியன் ரெசரக்‌ஷன்’ கையாண்டபோது, தொழிலாகவே ஆட்டங்களை விமர்சிப்பவர்களும் குழம்பினார்கள். சிறுவயது முதல் விளையாடியவர் ஒவ்வொரு மாற்றத்தையும் அது வந்த காலத்தில் கற்றுக்கொண்டார். புதியவர் மொத்தத்தையும் ஒரே மாலையில் கற்க வேண்டியிருக்கிறது.

வட சென்னையில் அந்தப் படிகளில் முதல் சிலவற்றைப் பலர் பர்மா பஜார் வழியாக ஏறினார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் துறைமுகத்தை ஒட்டி, பீச் ஸ்டேஷன் அருகே அமைந்த கடைவரிசை அது. 1990-களில் டிவியில் செருகும் கேம் பெட்டிகளும் கையடக்கப் பிரிக் கேமும் ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளுக்குள் வந்தன. பிரிக் கேமின் உள்ளே இருந்தது, மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தின் வடிவம். டிவி முன்னால் கூடிய அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு முறை கிடைப்பது அரிது. ஒரே தெருவில் வளர்ந்த கணவன் மனைவிக்குள்ளும் இந்தப் பழக்கத்தில் பெரிய இடைவெளி இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஆகவே ஓர் ஆட்டம் புதியவருக்கு ஏற்றதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். ஒரே நேரத்தில் கை எத்தனை வேலை செய்ய வேண்டும்? தவறினால் என்ன இழப்பு? இரண்டுக்கும் விடை எவ்வளவு சிறியதோ, ஆட்டம் அவ்வளவு நல்ல தொடக்கம்.

இந்த அளவுகோலில் மிக மோசமான தொடக்கம், வீட்டில் மிக எளிதாகக் கிடைக்கும் ஆட்டமாகவே இருக்கிறது. 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, 2021-ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பிய பப்ஜி மொபைல்தான் அது. அதில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். இரண்டு கட்டைவிரலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். எங்கிருந்து சுடப்பட்டோம் என்று புரிவதற்குள் புதியவர் வீழ்ந்துவிடுவார். பிறகு கூட்டாளிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஷிப்டு முடித்து வருபவருக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பாதி காத்திருப்பிலேயே கழியும்.

முதல் படிக்கு உகந்தது, விதி ஏற்கெனவே தெரிந்த ஆட்டம். வட சென்னையில் அது கேரம். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வட சென்னைக்குத் திரும்பினார். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட் என்ற கணக்கும், ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்ற விதியும் இங்கே தெருவிலேயே கற்கப்படுகின்றன. ‘கேரம் பூல்’ போன்ற மொபைல் ஆட்டத்தில் ஒரு விரலால் ஸ்ட்ரைக்கரை இழுத்துவிட்டால் போதும். காயின் போகும் திசையைத் திரையிலேயே ஒரு கோடு காட்டும். அவசரப்படுத்த யாருமில்லை என்றால் குறி பார்த்து நிதானமாக அடிக்கலாம். 2016-ல் வந்த இந்தியத் தயாரிப்பான ‘லூடோ கிங்’ ஆட்டத்தை ஒரே போனில் கைமாற்றிக்கொண்டு வீட்டார் எல்லோரும் ஆடலாம். தாயம் ஆடியவருக்கு அதில் சொல்லித்தர ஒன்றுமில்லை.

இரண்டாம் படியில் விதி புதிது, கைவேலை மட்டும் பழையது. 2014-ல் வந்த ‘மான்யுமெண்ட் வேலி’யில் கண்ணை ஏமாற்றும் கோபுரங்களைத் திருப்பி ஒரு சிறுமிக்கு வழி அமைக்க வேண்டும். விரலால் தொடுவதும் சுழற்றுவதும்தான் வேலை. படிக்க வேண்டிய வரிகள் மிகக் குறைவு என்பதால் ஆங்கிலம் தடையாகாது.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆட்டம் இது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே வளரும் மகன் கவின் ஆகியோரின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும், புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் எந்த வரிசையில் போக வேண்டும் என்று எஞ்சிய குறிப்பிலிருந்து ஊகிப்பதே புதிர். தவறாகச் செய்தால் அதே இடத்திலிருந்து மறுபடி செய்யலாம்; உயிரும் போகாது, மதிப்பெண்ணும் குறையாது. இங்கே அனுபவம் தலைகீழாகிறது. இருபது வருடம் வீடியோ கேம் விளையாடிய கணவன் இட்லித் தட்டின் துளையைக் கவனித்திருக்க மாட்டான். தினமும் அடுப்படியில் நிற்பவருக்கு விடை உடனே தெரியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், ஓர் ஆட்டத்தை முழுதாக முடித்த நிறைவும் சீக்கிரமே கிடைக்கிறது. உரையாடல் பகுதியை மட்டும் சேர்ந்து படித்தால் நல்லது. 2024-ல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதை இது பெற்றது.

மூன்றாம் படி, இருவரும் ஒரே திரையில் ஆடுவது. இதில் இருவருக்கும் சம வேலை தராத ஆட்டங்களே முதலில் நல்லவை. 2017-ல் வந்த ‘சூப்பர் மரியோ ஆடிசி’யில் ஒருவர் மரியோவை நடத்துவார், மற்றவர் அவன் தொப்பியை மட்டும் இயக்குவார். 2018-ன் ‘அன்ராவல் டூ’வில் நூலால் கட்டப்பட்ட இரண்டு பொம்மைகள் வருகின்றன. கடினமான இடத்தில் ஒன்று மற்றொன்றைத் தூக்கிக்கொள்ளலாம். தாண்ட முடியாதவருக்காகத் தேர்ந்தவர் தாண்டிவிடுவார். பக்கவாட்டில் மட்டும் நகரும் ஆட்டம் என்பதால் கேமராவைப் பற்றிய கவலையும் இல்லை. ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ பந்தயத்தில், வண்டி பாதையை விட்டு விலகாமல் தானே திரும்பும்படியும் தானே ஓடும்படியும் செட்டிங்ஸில் மாற்றி வைக்க முடியும். உதவி தேவைப்படுபவருக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டு இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடலாம்.

விவசாயமும் மீன்பிடிப்பும் விரும்புபவருக்கு ‘ஸ்டார்டியூ வேலி’ பொருந்தும். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016-ல் வெளியிட்டது. இருவர் சேர்ந்து ஆடும் வசதி 2018-ல் சேர்ந்தது. ஒருவர் கத்தரி நட, மற்றவர் சுரங்கத்துக்குப் போகலாம். ஆனால் அதன் மீன்பிடிப்பு கைவேகம் கேட்பது. தொடக்கத்தில் அதைப் பழகியவர் ஏற்றுக்கொள்ளலாம்.

2021-ல் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதைப் பெற்ற ‘இட் டேக்ஸ் டூ’ இருவர் இல்லாமல் ஆடவே முடியாதது. மணமுறிவை நோக்கிப் போகும் தம்பதி பொம்மைகளாகி, சேர்ந்து உழைத்துத் திரும்புவது கதை. தம்பதிகளுக்கென்றே செய்தது போலத் தோன்றினாலும் இரண்டு குச்சிகளும் குதிக்கும் திறமையும் தேவைப்படுவதால் இது நான்காம் படியில் வர வேண்டியது. ‘ஓவர்குக்ட்’ என்ற சமையற்கட்டு ஆட்டத்தில் பட்டன்கள் குறைவு, நேர நெருக்கடி அதிகம். யார் வெட்டுவது, யார் தட்டு கழுவுவது என்ற சத்தம் ஆட்டத்துக்கு வெளியேயும் தொடரக்கூடும்.

ஆட்டத்தைத் தேர்ந்த பிறகு செட்டிங்ஸில் மூன்று மாற்றங்கள் உதவும். கேமரா திரும்பும் வேகத்தைப் பாதியாகக் குறைப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, கடினத்தைக் கீழ்நிலையில் வைப்பது. முப்பரிமாண ஆட்டத்தில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கண் உணரும் அசைவை உடல் உணராததே காரணம். அவர்கள் கால் மணி நேரத்தில் நிறுத்தி, பக்கவாட்டு ஆட்டங்களோடு இருந்துகொள்ளலாம். கஷ்டமான இடத்தில் கண்ட்ரோலரை வாங்கி முடித்துக் கொடுப்பது, கேட்டால் மட்டும் செய்ய வேண்டிய உதவி. கேட்காமல் வாங்கினால் கற்பதற்கான இடமே பறிபோகிறது.

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகைகள் இந்த வரிசையில் சேராதவை. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அவற்றைத் தடை செய்கிறது. இலவச ஆட்டங்களிலும் நாணயம், உடை, பெட்டி என்று வாங்கச் சொல்லும் பொத்தான்கள் உண்டு. போனில் பணம் செலுத்துவதற்குக் கடவுச்சொல் வைத்த பிறகு கொடுப்பது பாதுகாப்பு.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதைக் கையே காட்டிவிடும். பட்டனைக் குனிந்து பார்க்காமல் அழுத்தவும், நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கவும் வந்துவிட்டால் இரண்டு குச்சி ஆட்டங்கள் திறந்துவிட்டன என்று பொருள். அதன்பின் எதை ஆடுவது என்பதைப் புதியவரின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.