அவுட்டரில் போகும் கரண்ட்

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தமிழ்நாட்டு வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். அதே யூனிட் கணக்கில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலைப் பார்ப்போம். 22 எல்ஹெச்பி பெட்டி, பயணிகள், மூட்டை முடிச்சு, என்ஜின் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,200 டன். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும்போது அதன் ஓட்டத்தில் மட்டும் 150 யூனிட் அடங்கியிருக்கிறது. பாதி எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். இந்த ரயிலை ஒரு சிவப்பு சிக்னலில் நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கிளப்பினால், ஒன்றரை வீட்டின் இரண்டு மாத இலவச மின்சாரம் செலவுக் கணக்கில் ஏறுகிறது.

ரயிலில் மின்சிக்கனம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் என்ஜினைத்தான் காட்டுகிறார்கள். காட்டுவதற்கு விஷயமும் இருக்கிறது. பழைய டபிள்யூஏபி-4 என்ஜினில் டிரைவர் நாட்ச் ஏற்ற ஏற்ற டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாறும், மோட்டார் டிசி. டபிள்யூஏபி-7 வந்தபின் த்ரீ ஃபேஸ் மோட்டார். லோகோ பைலட்டின் கையருகே ஒரே ஒரு லீவர். ஒரு பக்கம் தள்ளினால் இழுவை, மறுபக்கம் தள்ளினால் பிரேக். பிரேக் பக்கம் போனதும் இழுத்துக்கொண்டிருந்த மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி, மேலே உள்ள கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. பக்கத்தில் வேறொரு ரயில் ஓடினால் அது எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சப்-ஸ்டேஷன் வழியாக மின்கட்டமைப்புக்கே போகும். எடுத்தது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கும் வைக்கிறது என்ஜின்.

இன்னொரு மாற்றத்தைப் பயணிகள் காதாலேயே உணர்ந்திருப்பார்கள். எல்ஹெச்பி ரயில்களின் இரு முனையிலும் பவர் கார் என்று ஒரு பெட்டி, ஏசிக்கும் விளக்குக்கும் டீசல் குடித்துக்கொண்டே உறுமும். முன்பதிவில்லாப் பெட்டி பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறுகிறவருக்குப் புகையும் சத்தமும் போனஸ். இப்போது அந்த மின்சாரத்தை என்ஜினே மேல்கம்பியிலிருந்து எடுத்துப் பெட்டிகளுக்குக் கொடுக்கிறது. தலைக்கு மேலே 25 ஆயிரம் வோல்ட் கம்பி ஓடும்போது அடியில் டீசல் எரித்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்று வேடிக்கையாக இருக்கிறது. மின்சிக்கனத்தில் இதைவிடச் சுத்தமான லாபம் கிடைப்பது அரிது.

ஆனால் பிரேக்கில் திரும்பும் மின்சாரத்தைப் பற்றிய விளம்பரத்தில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. டபிள்யூஏபி-7-இல் மோட்டார் இருப்பது என்ஜினின் ஆறு அச்சுகளில் மட்டுமே. பின்னால் வரும் 22 பெட்டிகளிலும் மோட்டார் கிடையாது. அந்த ஆறு அச்சுகளை மட்டும் நம்பி 1,200 டன்னை 108-லிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மூன்று கிலோமீட்டராவது வேண்டும். டபுள் யெல்லோ, யெல்லோ, சிவப்பு என்று சிக்னல்கள் அடுத்தடுத்து வந்தால் அத்தனை தூரத்துக்கு எங்கே போவது? லோகோ பைலட் ஏர் பிரேக்கைப் போட்டுத்தான் ஆகவேண்டும். பெட்டிகளின் பிரேக் டிஸ்க் சூடாகும். மின்சாரமாகத் திரும்ப வேண்டியது காற்றில் கலந்துவிடும்.

மோட்டார்களைப் பெட்டிகளுக்குப் பகிர்ந்து கொடுத்த ரயில்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பெரம்பூரில் உருவாகி 2019-இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் பாதிப் பெட்டிகளில் மோட்டார். புறநகர் மின்ரயிலும் அந்த ஜாதிதான். கடற்கரையில் கிளம்பித் தாம்பரம் சேர்வதற்குள் 16 இடத்தில் நிற்கும் வண்டிக்கு, ஒவ்வொரு நிறுத்தமும் கொஞ்சம் வரவு. அங்கே நிற்பது தவிர்க்க முடியாதது. நிற்கத்தான் அந்த ரயிலே ஓடுகிறது.

என் சண்டை தேவையில்லாமல் நிற்பதோடு. அதற்கு நம் ஊரில் அவுட்டர் என்று பெயர்.

சென்ட்ரலுக்கு வரும் ரயிலில் பேசின் பிரிட்ஜ் காட்சியைப் பார்க்காதவர் யார்? பெட்டியை இறக்கிக் கதவருகே வரிசை கட்டியாயிற்று. குழந்தைக்குச் செருப்பு போட்டாயிற்று. "பேசின் பிரிட்ஜ் வந்தாச்சு, அஞ்சு நிமிஷம்தான்" என்று போனில் சொல்லியாயிற்று. ரயில் நிற்கிறது. ஏசி ஓடுகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு காலி ரேக் நம்மைத் தாண்டிப் போகிறது. பிறகு ஒரு குலுக்கல், நூறு மீட்டர் நகர்வு, மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு கிளப்பலுக்கும் கரண்ட் கட்டணம் உண்டு.

இத்தனைக்கும் இந்த ரயில் தாமதமாக வந்ததுகூட இல்லை. கால அட்டவணையைப் புரட்டினால் புரியும். பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு உள்ள ஐந்தாறு கிலோமீட்டருக்கு, சைக்கிளில் போகிறவரும் வெட்கப்படும் அளவுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. நேரந்தவறாமை கடைசி ஸ்டேஷனில்தான் பார்க்கப்படும் என்பதால், உபரி நிமிடங்களையெல்லாம் கடைசியில் கொட்டிவைப்பது பழைய பழக்கம். விளைவு, அரக்கோணம் வரை அடித்துப் பிடித்து ஓடி, வாசலில் வந்து காத்திருப்பது. அந்த நிமிடங்களில் பாதியை வழியெங்கும் தெளித்திருந்தால் லோகோ பைலட் இழுவையை அணைத்துவிட்டு, ரயிலைத் தன் வேகத்திலேயே உருளவிட்டிருப்பார். கோஸ்டிங் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். மின்சாரம் சேமிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு நட்டுகூட வாங்க வேண்டாம்.

சிவப்பு விளக்கு பாதுகாப்புக்காக. அதை மின்கட்டணத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது என்பார்கள் சிலர். நியாயம்தான். சிவப்பைத் தாண்டச் சொல்லவில்லை, சிவப்பு எரியும்போது அங்கே போய்ச் சேராமல் இருக்கலாமே என்பதுதான் கேள்வி.

சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். முன்னால் ஜங்ஷனில் இன்னொரு ரயில் குறுக்கே போகப் போகிறது என்றால், கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பின்னால் வரும் டிரைவருக்கு முன்கூட்டியே வேகப் பரிந்துரை போகிறது. அவர் மெதுவாக வந்து சேர்வதற்குள் வழி திறந்திருக்கும். இதையே இங்கே பொருத்திப் பாருங்கள். 108-லிருந்து 72-க்கு இறங்கி வரும் ரயில் 150 யூனிட்டில் 67 யூனிட்டைக் கையில் வைத்திருக்கிறது. அவுட்டரில் நின்றுவிட்ட ரயிலிடம் ஒன்றும் இல்லை. ஸ்டேஷனை அடையும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே.

எனக்கு வேறொரு கவலையும் உண்டு. மின்சிக்கனம் என்றதும் பாரம் முழுவதையும் லோகோ பைலட் தலையில் இறக்கிவிடுவது சுலபம். எத்தனை யூனிட் திருப்பிக் கொடுத்தார், எங்கே கோஸ்டிங் செய்தார் என்று என்ஜினே சொல்லிவிடும். குறைந்தவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். அடுத்த சிக்னல் என்ன நிறம் என்பதை டபுள் யெல்லோவைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டிய மனிதரிடம், ஏன் முன்னதாகவே வேகம் குறைக்கவில்லை என்று எப்படிக் கேட்பது? வேகத்தைக் குறைக்கச் சொல்லும் காஷன் ஆர்டருக்காக 30-இல் ஊர்ந்து, இழந்த நேரத்தைப் பிடிக்க மறுபடி இழுத்தவரிடம் அதிகம் செலவழித்தாய் என்று எப்படிச் சொல்வது?

கவச் பொருத்திய என்ஜின்களில் முன்னால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது கேபினிலேயே தெரிகிறது. விபத்தைத் தடுக்க வந்த கருவி அது. தூரத்தைச் சொல்லும், எந்த பிளாட்பாரம் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று சொல்லாது. அந்தத் தகவல் செக்‌ஷன் கண்ட்ரோலரின் சார்ட்டில் இருக்கிறது. அரக்கோணம் தாண்டும் ரயிலின் கேபினுக்கு அது போய்ச் சேர்ந்தால், பேசின் பிரிட்ஜில் நிற்க வேண்டிய பல ரயில்கள் நிற்காமலே உள்ளே வந்துவிடும்.