மண்மேடு சரிவதற்கு முன்னால்

நெய்வேலிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தட்டையான பூமியில் திடீரென்று குன்றுகள் நிற்கும். அவை இயற்கையான குன்றுகள் இல்லை, பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிக் கொட்டிய மண். அங்கே நிலக்கரி முதன்முதலாக வெளியே தெரிந்தது 1961 ஆகஸ்டில். ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டும். முதலில் சுரங்கத்துக்கு வெளியே கொட்டினார்கள். குழி அகலமானதும், நிலக்கரி எடுத்து முடித்த இடத்திலேயே திருப்பிக் கொட்டுகிறார்கள்.

இவ்வளவு மண் எப்படி நிற்கிறது, எப்போது சரியும்? கொஞ்ச நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சுரங்கத் துறை ஆள் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க எங்கள் திருப்புட்குழிப் பக்கத்து ஏரிக்கரைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. எங்கள் பக்கம் ஏரியைப் பார்த்துக்கொள்பவரை நீர்க்கட்டி என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர் கரையின் மேலே மட்டும் நடக்க மாட்டார், வெளிப்பக்கத்து அடிவாரத்தையும் பார்ப்பார். சின்ன வயதில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "கசியுற தண்ணி தெளிவா இருந்தா பரவால்ல தம்பி. கலங்கி வந்துச்சுன்னா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்."

மண்மேட்டுக்கும் இதே கணக்குதான். காய்ந்த மணலைக் கொட்டினால் அது தானாக ஒரு சாய்வில் வந்து நிற்கும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கிற உராய்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது. இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால், அந்த நீரின் அழுத்தம் துகள்களைத் தள்ளிப் பிரிக்கும். உராய்வு குறையும். மேட்டின் உயரம் மாறியிருக்காது, சாய்வும் மாறியிருக்காது. ஆனாலும் சரியும்.

இதற்கு உலகமே நினைவில் வைத்திருக்கிற உதாரணம் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபேன். அங்கே நிலக்கரிச் சுரங்கக் கழிவை மலைச்சரிவில், இயற்கை ஊற்றுகள் இருந்த இடத்திலேயே கொட்டிவந்தார்கள். ஆபத்து என்று நகராட்சிப் பொறியாளர் 1963-லேயே கடிதம் எழுதினார். 1966 அக்டோபர் 21 காலை ஏழரை மணி வாக்கில் மேலே போன தொழிலாளிகள், உச்சி 3 மீட்டர் அமிழ்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒருவர் நடந்தே கீழே போய்த் தகவல் சொன்னார். அந்த இடத்தில் இனிக் கொட்ட வேண்டாம் என்று முடிவானது. அடிவாரத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு யாரும் சொல்லவில்லை. 9:15-க்கு மேடு இறங்கியது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள்.

நம் நாட்டில் 2017-ல் வந்த நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன. சாய்வு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிபடியாக அமைக்க வேண்டும். ஒட்டுமொத்தச் சாய்வு 1-க்கு 1.5. அதாவது 90 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 135 மீட்டர் அகலம் விட வேண்டும். பொதுச் சாலை, ரயில் பாதை, பிறர் கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் அடிவாரம் வரக் கூடாது.

இதெல்லாம் கொட்டும்போது பார்க்க வேண்டியது. அதற்குப் பிறகு வருவதுதான் பராமரிப்பு. மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்ப வேண்டும், அதைத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். படிகளில் தண்ணீர் குட்டையாகத் தேங்கக் கூடாது. உச்சியில் வெடிப்பு கண்டால் களிமண் போட்டு இறுக்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழை நேராக உள்ளே போகும். அடிவாரத்து மண்ணைத் தோண்டவே கூடாது, மேலே இருப்பதைத் தாங்குவது அதுதான். புல்லும் மரமும் மேல்மண் அரிப்பைத் தடுக்கும். ஆழத்தில் நடக்கிற சரிவை வேர்கள் பிடித்து நிறுத்தாது. பச்சையாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது.

நெய்வேலியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத் தரை தாங்கும். உள்ளே கொட்டுகிற மண்ணும் அதே தரைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, சரியப்போவது முன்கூட்டியே தெரியுமா? பல நேரம் தெரியும். வெடிப்பின் இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, தினமும் இடைவெளியை அளந்தாலே போதும். ரேடார் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான், இன்னும் நுணுக்கமாக. எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட வேகம் கூடுகிறதா என்பதுதான் முக்கியம். நாளைக்கு 2 மி.மீ. என்று ஒரே சீராக நகர்ந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். இன்று 2, மூன்று நாள் கழித்து 4, ஐந்தாம் நாள் 12 என்றால்? 1-ஐ இந்த வேகங்களால் வகுத்துப் பாருங்கள்: 0.5, 0.25, 0.08. இவற்றை நாள்வாரியாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் ஆறாம் நாள் பூஜ்யத்தைத் தொடும். ஏறக்குறைய அன்றைக்குத்தான் சரிவு. ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ 1985-ல் சொன்ன வழி இது. எல்லாச் சரிவும் இவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஆனால் ஆட்களை வெளியேற்ற இந்த எச்சரிக்கை போதும்.

2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 தொழிலாளர்கள் இறந்தார்கள். அபர்ஃபேன் நடந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

என் வேலையில் சர்வர் நள்ளிரவில் அலாரம் அடிக்கும். அதைப் பார்க்கிறவருக்கு சர்வரை நிறுத்தும் அதிகாரம் இல்லையென்றால் அலாரம் வெறும் சத்தம்தான். வெடிப்பை முதலில் பார்க்கப்போவது மேட்டின் மேல் நிற்கிற டோசர் ஓட்டுநரோ காவலரோதான். யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தி, கீழே இருப்பவர்களை நகரச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா? ஒரு சுரங்கத்தைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போது இதுதான்.