மஞ்சள் கரிசலாங்கண்ணி

மஞ்சள் கரிசலாங்கண்ணி (தாவரவியல் பெயர்: இசுபேக்னெட்டிகோலா கேலண்டுலேசியா) என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலிகைச் செடியாகும். பொற்றலைக் கையாந்தகரை என்ற பெயரும் இதற்கு உண்டு. முன்பு இது வெடெலியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது.

வளரியல்பு

இச்செடி ஈரமான நிலத்தில் தரையோடு படர்ந்து, கணுக்களில் வேர்விட்டு வளரும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நெல் விளையும் வத்திராயிருப்பு போன்ற ஊர்களின் வரப்புகளும் வாய்க்கால் ஓரங்களும் இது வளர ஏற்ற இடங்கள். இலைகள் எதிரெதிராக அமைந்து, நீண்டு, சொரசொரப்பாக இருக்கும். மஞ்சள் பூக்கள் நீண்ட காம்பின் நுனியில் தனித்தனியாகப் பூக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணி வேறு பேரினத்தைச் சேர்ந்தது.

பயன்கள்

சித்த மருத்துவத்தில் காமாலைக்கும் கல்லீரல் நோய்களுக்கும் பயன்படுகிறது. கீரையாகவும் சமைத்து உண்பர். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் ஆய்வாளர்களும் இதிலுள்ள வெடெலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் கட்டமைப்பை 1956-இல் வெளியிட்டனர். இதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் உள்ளது.

ஒத்த தோற்றமுடைய செடி

பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக வளர்க்கப்படும் இசுபேக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்ற செடியைப் பலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி எனக் கருதிப் பறிக்கின்றனர். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பூவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். இலையே அடையாளம்: அயல் செடியின் இலை தடித்துப் பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடல்களுடன் இருக்கும், மூலிகையின் இலையில் மடல்கள் இல்லை. சந்தேகம் இருந்தால் பறிக்காமல் விடுவதே நல்லது.