வாணக்குழல் தாங்கி

வாணக்குழல் தாங்கி என்பது வானில் சென்று வெடிக்கும் பட்டாசுகளின் குழல்களைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கப் பயன்படும் சட்டகம் ஆகும். இது பெரும்பாலும் மரத்தால் செய்யப்படுகிறது. சிவகாசியில் உற்பத்தியாகும் வான்வெடிகளில் அங்குலக் கணக்கில் விற்கப்படும் ஒற்றைக் குழல்களும், பல குழல்களை ஒரே பெட்டியில் இணைத்த 'மல்டி ஷாட்' வகைகளும் உண்டு. வீடுகளில் இவற்றுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுப்பதும், ராக்கெட்டைக் கண்ணாடிப் புட்டியில் நிறுத்துவதும் வழக்கம். இவற்றுக்கு மாற்றாகவே தாங்கி அமைகிறது. ஒரு குழல் பழுதுபடும்போதுதான் தாங்கியின் தரம் வெளிப்படும்.

இயங்கும் முறை

குழலின் அடியில் உள்ள கருமருந்து எரிந்து வளிமமாக மாறுகிறது. அதன் அழுத்தம் குண்டை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதற்கு இணையான விசை குழலைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. குழல் செங்குத்தாக இருந்தால் இவ்விசையைத் தரை ஏற்றுக்கொள்ளும். சாய்ந்திருந்தால் அதன் ஒரு பகுதி தாங்கியைப் பக்கவாட்டில் தள்ளும்.

சாய்வினால் விளையும் ஆபத்தை எளிய கணக்கால் அறியலாம். செங்குத்தாக 50 மீட்டர் உயரம் செல்லும் குண்டு, 45 பாகை சாய்வில் ஏவப்பட்டால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், 100 மீட்டர் தொலைவு செல்லும். அதாவது, எட்டும் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு.

அமைப்பு

தாங்கியில் இரண்டு நீண்ட பக்கப் பலகைகளும், அவற்றுக்கிடையே குழல்களைப் பிரிக்கும் கட்டைகளும், அடிப்பலகையும், இரு முனைகளில் குறுக்குக் கால்களும் இருக்கும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும், அதற்கு இருபுறமும் அடிப்பரப்பு 15 செ.மீ. அகலத்திலும் இருந்தால், ஏறத்தாழ 27 பாகை சாய்ந்ததும் தாங்கி கவிழும். கால்களை 30 செ.மீ. அளவுக்கு நீட்டினால் 45 பாகை வரை கவிழாது. மணல் மூட்டைகளும் தரையில் அறையப்படும் முளைகளும் மேலும் உறுதி தரும்.

ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் எளிதில் கிடைக்கும் பழைய பேலட் பலகைகளில் விரிசலும் ஆணித்துளைகளும் இருக்கக்கூடும். அதிர்வில் ஆணிகள் கழன்றுவிடும். திருகாணிகள் நன்றாகப் பிடித்து நிற்கும். குழல்களுக்கு இடையே இடைவெளி விடுவதால் ஒன்று வெடித்தாலும் அடுத்தது நிலை பெயர்வது குறையும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. குழாயை வாணக்குழலாகப் பயன்படுத்தக் கூடாது. அது வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும். இரும்புக் குழாயின் துண்டுகளும் அவ்வாறே ஆபத்தானவை. தொழில்முறை வாணவேடிக்கைகளில் உயர் அடர்த்தி பாலியெத்திலீன், கண்ணாடியிழைக் குழல்கள் பயன்படுகின்றன.

ராக்கெட்டுக்கான தாங்கி வேறு வகையானது. அதில் குச்சி தடையின்றி வழுகிச் செல்ல வேண்டும்; இறுகினால் ராக்கெட் தரையிலேயே வெடிக்கும்.

தாங்கி உடைந்த நிகழ்வு

2013 சூலை 4 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சிமி வேலி நகரில் நடந்த வாணவேடிக்கையில், ஒரு குண்டு குழலுக்குள்ளேயே வெடித்தது. அதனால் மரத்தாங்கி உடைந்து மற்றக் குழல்கள் சாய்ந்தன; அவற்றிலிருந்து கிளம்பிய குண்டுகள் கூட்டத்தை நோக்கிச் சென்றதில் பலர் காயமடைந்தனர்.

இடைவெளி

அமெரிக்காவில் பின்பற்றப்படும் தொழில்முறை வாணவேடிக்கை விதிகள், குண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி இடைவெளி கோருகின்றன. 3 அங்குலக் குண்டுக்கு இது 210 அடி, அதாவது சுமார் 64 மீட்டர். நெருக்கமான குடியிருப்புத் தெருவில் இவ்வளவு இடம் கிடைப்பதில்லை. எவ்வளவு உறுதியான தாங்கியும் இந்த இடைவெளிக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் 2018 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க அரசு நேரம் ஒதுக்கியது. ஒரே நேரத்தில் பலரும் வெடிப்பதால் இடநெருக்கடி மேலும் கூடுகிறது.

ஜூஜுவாடி எல்லைப் பகுதி

ஓசூர் மாநகராட்சியைச் சேர்ந்த ஜூஜுவாடி, தேசிய நெடுஞ்சாலை 44 இல் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. தீபாவளிக் காலத்தில் எல்லையின் இருபுறமும் உள்ள கடைகளுக்குப் பெங்களூரு மக்கள் பட்டாசு வாங்க வருகின்றனர். 2023 அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் சரக்கு இறக்கும்போது தீப்பற்றியது. அன்றே 14 பேர் இறந்தனர். பின்னர் எண்ணிக்கை உயர்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பண்டிகைக்கால வேலைக்குச் சென்ற இளைஞர்கள்.

இது சேமிப்பிடத்தில் நேர்ந்த விபத்து. ஏவுமிடமும் சேமிப்பிடமும் அருகருகே இருந்தால் என்ன நேரும் என்பதைக் கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோவிலில் 2016 ஏப்ரல் 10 அன்று நிகழ்ந்த விபத்து காட்டியது. வாணவேடிக்கையின் தீப்பொறி சேமிப்பறையில் விழுந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே தாங்கியில் அப்போது ஏவவுள்ள குழல்களை மட்டுமே வைத்து, மீதமுள்ள பட்டாசுகளைத் தொலைவில் மூடி வைப்பது அவசியம். எரியாமல் நின்ற குழலை உடனே எட்டிப் பார்க்காமல், நெடுநேரம் காத்திருந்த பின் நீர் ஊற்றி நனைத்தே அகற்ற வேண்டும்.