பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி?

இசைக்கருவிக் கடையில் பேஸ் கிட்டார் கம்பி கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். "நாப்பத்தஞ்சா, நாப்பதா? ரவுண்டா, ஃபிளாட்டா?" என்று திருப்பிக் கேட்பார். உறையின் மேலும் 45, 65, 85, 105 என்று நான்கு எண்கள் இருக்கும். அவை நான்கு கம்பிகளின் தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். 45 என்றால் 1.14 மில்லிமீட்டர், 105 என்றால் 2.67 மில்லிமீட்டர். ஏன் இந்த நான்கு எண்கள்? ஒரு கால்குலேட்டர் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

பேஸ் கிட்டார், தாழ்ந்த சுரங்களை வாசிப்பதற்கென்றே செய்த கிட்டார். இளையராஜாவின் பல பாட்டுகளில் பாடகர் குரலுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு ஓடிக்கொண்டிருக்குமே, அது இதுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதே நீளம்தான். தடித்த கம்பியிலிருந்து மெல்லியதுவரை நான்கின் பெயர்கள் ஈ, ஏ, டி, ஜி. ஈ கம்பி வினாடிக்கு 41.2 முறை அதிரும். ஏ 55 முறை, டி 73.4 முறை, ஜி 98 முறை.

ஒரு கம்பி எத்தனை முறை அதிரும் என்பதற்கு 1636இல் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் மரான் மெர்சென் விதி எழுதிவைத்தார். வேகமாக அதிரும் கம்பியைக் கண்ணால் எண்ண முடியாதல்லவா? அதனால் மிக நீளமான கம்பிகளைக் கட்டி, அவை மெதுவாக ஆடுவதை எண்ணிப் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். இழுவிசையை நான்கு மடங்காக்கினாலும் இரண்டு மடங்குதான் ஆகும். அதே நீளமுள்ள கம்பியின் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகக் குறையும். மேல்நிலைப் பள்ளிக்குப் போனதும் சுரமானி என்ற பெட்டியை வைத்து இதையே ஆய்வகத்தில் செய்வீர்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு கொஞ்சம் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் போதும். ஒரு முனையை மேசைக் காலில் கட்டி, மேசையின் மேலாகக் கொண்டுபோய், மறு முனையை எதிர் விளிம்பில் தொங்கவிடுங்கள். நரம்புக்கு அடியில் இரண்டு பென்சில்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். தொங்கும் முனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, பென்சில்களுக்கு நடுவே மீட்டுங்கள். பிறகு அதே மாதிரி நான்கு பாட்டில்களைக் கட்டி மீட்டுங்கள். முதலில் கேட்டது கீழ் 'ஸ' என்றால், இப்போது கேட்பது மேல் 'ஸ'. விளிம்பில் உராய்வு இருப்பதால் சுருதி கொஞ்சம் முன்பின் இருக்கும். அதற்காக மெர்சென்னைச் சந்தேகிக்காதீர்கள். பாட்டிலுக்கு நேர் கீழே காலை வைக்காதீர்கள். இரும்புக் கம்பியில் இதைச் செய்யவே கூடாது; அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். பேஸ் வாசிப்பவர் நீளத்தை மாற்ற முடியாது. கருவியைச் செய்தபோதே அது முடிவாகிவிட்டது. அதிர்வெண்ணையும் மாற்ற முடியாது; ஈ கம்பி 41.2இல் நிற்காவிட்டால் கூட வாசிப்பவர்களோடு சுருதி சேராது. மிச்சம் இருப்பவை எடையும் இழுவிசையும். எடையைத் தேர்ந்தெடுத்த உடனே இழுவிசை தானாக முடிவாகிவிடும். ஆகவே "நாப்பத்தஞ்சா, நாப்பதா?" என்று அவர் கேட்பது தடிமனைப் பற்றி அல்ல. "எவ்வளவு இறுக்கமாக வேண்டும்?" என்றுதான் கேட்கிறார். எடை தடிமனின் வர்க்கப்படி மாறும்; சுரம் மாறாதபோது இழுவிசை எடைப்படி மாறும். ஆகவே 40ஐ 45ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். 0.79 வரும். அதாவது 40 கம்பியின் இறுக்கம் நூற்றுக்கு 21 பங்கு குறைவு.

உறையில் உள்ள எண்களையும் இப்படியே சோதிக்கலாம். ஜி கம்பியின் 98ஐ ஈ கம்பியின் 41.2ஆல் வகுத்தால் 2.38. தடிமன்களை எடுத்து 105ஐ 45ஆல் வகுத்தால் 2.33. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! தடிமன் 2.33 மடங்கானால் எடை அதன் வர்க்கமாக, ஏறக்குறைய 5.4 மடங்காகும். இறுக்கம் மாறாமல் சுரம் ஜியிலிருந்து ஈக்கு இறங்க 5.7 மடங்கு எடை வேண்டும். வேண்டியதும் கிடைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டு கம்பிகளும் விரலுக்கு ஏறக்குறைய ஒரே இறுக்கமாகத் தெரிகின்றன. நான்கு கம்பிகளில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 16 முதல் 23 கிலோவரை எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவிசை இருக்கும். நான்கையும் கூட்டினால் வளர்ந்த ஓர் ஆளின் எடை! அதைத் தாங்குவது கிட்டாரின் மரக்கழுத்து. அது வளையாமல் இருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி ஒளிந்திருக்கிறது. ட்ரஸ் ராட் என்பார்கள்.

ஜிக்கு உரிய மெல்லிய கம்பியை ஈயின் இடத்தில் மாட்டினால் என்ன ஆகும்? 19 கிலோவாக இருந்த இழுவிசை மூன்றரை கிலோவுக்கும் கீழே இறங்கும். கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரித் தொளதொளவென்று கிடக்கும்.

உறையில் உள்ள கணக்கு முழுக்கச் சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். டி கம்பிக்குப் போட்டுப் பாருங்கள். 65ஐ 45ஆல் வகுத்தால் 1.44, ஆனால் 98ஐ 73.4ஆல் வகுத்தால் 1.34தான். டி கம்பி தேவைக்குமேல் தடிமன். ஜியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிக இறுக்கம். கடைகளில் அதிகம் விற்பது இந்த செட்தான். கை பழகிவிட்டதால் யாரும் குறையாகச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். நான்கும் ஒரே இறுக்கத்தில் வரும்படி செய்த செட்டுகளும் கிடைக்கின்றன.

தொளதொளப்பான கம்பி அகலமாக ஆடும். கழுத்தில் பதித்த ஃபிரெட் பட்டைகளில் மோதிக் கரகரக்கும். ஓங்கி மீட்டினால் தொடக்கத்தில் சுருதி ஒரு கணம் மேலே ஏறிப் பிறகு இறங்கும், ஏனென்றால் அகலமாக ஆடும்போது கம்பி இன்னும் கொஞ்சம் இழுபடுகிறது. இறுக்கமான கம்பியில் சுருதி அசையாமல் நிற்கும். ஆனால் விரல் வலிக்கும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் 30 அங்குலம்தான். அதே கம்பியை அதே சுருதியில் அதில் மாட்டினால் இழுவிசை நூற்றுக்கு 22 பங்கு குறைந்துவிடும். சிறிய கைகளுக்கு இது வசதி. ஐந்து கம்பி பேஸ்களில் 30.9 முறை அதிரும் 'பி' கம்பி கூடுதலாக உண்டு. அது தொய்யாமல் இருக்கவே சில கருவிகளை 35 அங்குலத்தில் செய்கிறார்கள்.

இறுக்கம் போகட்டும், ஒலி? தடித்த கம்பியை உற்றுப் பாருங்கள். அது ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் மெல்லிய எஃகு இழை. அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. இழுவிசையைத் தாங்குவது நடு இழை. சுற்று எடையை மட்டும் தருகிறது. 2.67 மில்லிமீட்டரில் முழு எஃகாகவே செய்தால் அது வளைய மறுக்கும். எந்தக் கம்பியும் அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். விறைத்த கம்பியில் அந்த மடங்குகள் பிசகி, சுரம் தெளிவில்லாமல் போய்விடும்.

சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வுண்ட். மேற்சுரங்கள் நிறைய வரும். ஒலி கணீரென்று இருக்கும். விரலை நகர்த்தும்போது சர்ரென்று ஓர் உரசலும் கேட்கும். தட்டையான பட்டையைச் சுற்றினால் ஃபிளாட்வுண்ட். தொட்டால் வழவழப்பு, ஒலி கும்மென்று அடங்கி இருக்கும். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி குறைவதால், அதே தடிமனில் பெரும்பாலும் எடை கூடும், இறுக்கமும் கூடும். லண்டனின் தி ஹூ இசைக்குழுவில் வாசித்த ஜான் என்ட்விசில் பியானோ போன்ற கணீர் ஒலியைத் தேடி, 1960களில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ரவுண்ட்வுண்ட் கம்பிகளை உருவாக்கினார். டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் நேர் எதிர்: தடித்த ஃபிளாட்வுண்ட், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய கம்பியில் மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். பலர் புதுக் கம்பி மாட்டுவது அதற்காகத்தான். ஜேமர்சனுக்கு வேண்டியதோ அந்த அடங்கிய ஒலி.

முதல் முறை வாங்குபவர்கள் 45–105 ரவுண்ட்வுண்ட் செட்டையே வாங்குங்கள். பிடித்தது, பிடிக்காதது பிறகு தெரியும். கருவியில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலமா 30 அங்குலமா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இரண்டுக்கும் தனித்தனி செட் உண்டு. தடிமனை மாற்றினால் ட்ரஸ் ராட்டைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். பழைய கம்பியைக் கழற்றும்போது முறுக்காணியைத் திருப்பி முழுக்கத் தளர்த்திய பிறகே வெட்டுங்கள். இறுகி நிற்கும் கம்பியில் 20 கிலோ இழுவிசை இருப்பதை மறக்க வேண்டாம்.