தோளைப் பார்த்து வாங்குங்கள்

1990 அக்டோபர் 30. யாழ். சோனகத் தெரு முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். உடுத்த உடுப்போடு புத்தளம் வந்த பெண்கள், யாரோ கொடுத்த பழைய சட்டைகளைப் போட்டார்கள். அளவை யார் பார்த்தது? அன்று 20 வயதுப் பிள்ளைக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. திரும்பி வந்தும், பழைய உடுப்பென்றால் மனம் கூசுகிறதாம். கூசாதா பின்னே?

நபிகளார் (ஸல்) தம் உடுப்பைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பழசில் இழிவில்லை, சகோதரிகளே. வயிறு பெருத்ததற்கும் வெட்கம் வேண்டாம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, கொழுப்பு அங்கேதான் சேரும்.

வாங்கும்போது தோளைப் பாருங்கள். அதைத் திருத்துவது கஷ்டம். பக்கத் தையலில் துணி மிச்சமிருந்தால் இடுப்பை விரிக்கலாம். கமக்கட்டுப் பக்கம் நைந்திருந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிடுங்கள்.